உங்களுக்குத் தெரியுமா? கணினிப் பொதி எங்கிருந்து வந்தது?

வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தமக்கு ஏட்டுப்பிரதிகள் கிடைத்த விதத்தைப் பதிப்புரையில் எழுதிவைத்தார். இன்று அதே வட்டுக்கோட்டையில் ஒருவர் உபுண்டுக் கணினியில் லோகித் தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவினால், அது வந்த இடத்தையும் அறியலாம்.

முனையத்தில் 'ஆப்ட் பாலிசி' என்று கொடுத்து, பொதியின் பெயரையும் சேர்த்துத் தட்டினால் போதும். மூன்று நட்சத்திரக் குறியிட்ட வரிதான் நிறுவப்பட்ட பதிப்பு. அதன்கீழ், பொதிகளைச் சேமித்து வழங்கும் களஞ்சியத்தின் முகவரி இருக்கும். அங்கே 'யுனிவர்ஸ்' என்று கண்டால், அது பெரும்பாலும் தன்னார்வலர் சமூகம் பராமரிக்கும் பகுதி.

பலருக்குத் தெரியாத செய்தி இதுதான்: பொதியை உண்மையில் நிறுவும் டிபிகேஜி என்ற கருவி, அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்வதே இல்லை! தற்போதுள்ள களஞ்சியப் பட்டியல்களில் அதே பதிப்பைத் தேடி, பொருந்துவதையே ஆப்ட் காட்டுகிறது. களஞ்சியத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிப் புதுப்பித்தால் தடமும் போய்விடும்; 100 என்ற முன்னுரிமை எண்ணும் டிபிகேஜியின் நிலைக்கோப்பும் மட்டுமே மிஞ்சும். நண்பர் பென்டிரைவில் தந்த டெப் கோப்பை நிறுவினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

மற்றொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவின் டிஎன்எஃப் கருவி, பொதியை நிறுவும்போதே களஞ்சியத்தின் பெயரைப் பதிந்துவிடுகிறது. இதுவே சரியான முறை. உபுண்டுவை உள்ளடக்கிய டெபியன் குடும்பத்துக்கும் இது வரவேண்டும். அதுவரை, 'ஆப்ட் லிஸ்ட்' காட்டும் பட்டியலில் 'லோக்கல்' என்று குறித்த பொதிகளைக் கவனியுங்கள். களஞ்சியத்தில் புதிய பதிப்பு இல்லாதவரை அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஆப்ட் வழியாக வந்துசேராது.