பாய்மரம் முறிந்தால்

பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்குப் பாய்மரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு, தோட்டத்தை விட்டுச் சித்தியவான், லூமுட் பக்கம் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ! அங்கே பிள்ளைகளுக்குக் கடல் அடுத்த வீடு மாதிரி. தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த இளைஞர் ஒருவர், பழைய சிறு பாய்ப்படகு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். படகு நல்ல படகுதான்; பாய்மரம் முறிந்திருந்தது. புதியதன் விலையோ படகின் விலையைத் தாண்டியது.

மரம் என்று பெயரே தவிர, இக்காலத்தில் அது பெரும்பாலும் அலுமினியக் குழாய். முறிந்த குழாயை உடனே வீசிவிடக் கூடாது. நடுவில் முறிந்திருந்தால், உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் வேறொரு குழாயைச் செருகி, அலுமினிய ஆணியால் அறைந்து இணைக்கலாம். செருகும் குழாய், முறிந்த இடத்துக்கு இருபுறமும் குறுக்களவில் மூன்று மடங்காவது நீள வேண்டும். லேசர் என்னும் வகைப் படகில் மரம் இரண்டு துண்டுகளாக இருக்கும். மேல்துண்டு, ஆணித் துளை உள்ள இடத்தில்தான் வழக்கமாக வளையும். முறியுமுன் கண்டுகொண்டால், அத்துண்டைத் தலைகீழாக மாற்றிப் போட்டே சில காலம் ஓட்டலாம்.

அடுத்த வழி, அதே வகையைச் சேர்ந்த உதவாத படகு ஒன்றைத் தேடுவது. உடல் ஓட்டையான படகிலும் மரம் நன்றாக இருக்கும். வாங்குமுன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து அடிவரை பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ஆணி பதிந்த இடங்களில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் எச்சரிக்கை! உப்புநீரில் அவ்விரு உலோகங்களும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். ஜன்னல் சட்டம் செய்யும் அலுமினியக் குழாய் மலிவு; ஆனால் அது மென்மையான கலவை, காற்றின் இழுப்புக்கு வளைந்துவிடும்.

'வெட்டித் தள்ளும் பால்மரம் ஆகாதா சார்?' என்று கேட்டார் அவர். ஆகாது. அதில் மாச்சத்து மிகுதி. வண்டு துளைக்கும், பூஞ்சணம் பிடிக்கும். மருந்தேற்றினால் மேசை நாற்காலிக்கு உதவும். மலாய் நாட்டில் பாய்மரத்துக்குப் பெயர்பெற்றது பிந்தாங்கோர். அது நம் புன்னையின் இனம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உயர்ந்து வளரும் அந்த இனத்து மரங்களை அக்காலத்தில் கப்பல்களுக்கு வெட்டினார்கள். முடிச்சில்லாமல், நார் நேராக ஓடும் கட்டையாகத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் பருமன் கூடினாலே விறைப்பு வெகுவாகக் கூடும்: உருட்டுக் கட்டையின் குறுக்களவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதற்காகத் தடியாக்கிக்கொண்டே போனால் தலைக்கனம் ஏறிப் படகு கவிழும்.

காசைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. கரையில் மரத்தை நிமிர்த்துமுன் தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். அலுமினியம் கம்பியில் பட்டால், பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. ஈர மரக்கட்டையும் மின்சாரத்தைக் கடத்தும். படகை வண்டியில் இழுத்துச் செல்லும்போது மரத்தைக் கழற்றிப் படுக்க வையுங்கள். பிற்பகலில் இடி கேட்டால், பாயை இறக்கிக் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். நடுக்கடலில் மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்பது அந்த மரம்தான்.