வட்டுக்கும் இனிஷியல் உண்டு

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பில், கணக்கு, டிசைன், கேமரா பதிவு எல்லாம் இப்போது கல்லாவுக்கு அடியில் இருப்பதில்லை. மாடியில் ஏசி அறைக்குள் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கின்றன. சர்வர் ஓரிடம், வட்டு ஓரிடம், நடுவில் கேபிள். எந்த சர்வருக்கு எந்த வட்டைத் திறந்துவிடுவது என்று பெட்டிக்குத் தெரிய வேண்டும். ஐபி முகவரியை நம்ப முடியாது, அது மாறும். அதனால் உலகில் வேறு எதற்கும் இல்லாத ஒரு பெயர் தேவைப்படுகிறது.

சாதாரண நெட்வொர்க் கேபிளிலேயே ஓடும் ஐஸ்கஸி முறையில் அந்தப் பெயர் எழுத்தாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் சர்வர் என்றால் ‘ஐக்யூஎன்.1991-05.காம்.மைக்ரோசாஃப்ட்:’ என்று தொடங்கி, கடைசியில் சர்வரின் பெயர். எங்கள் ஊர் சி.என்.அண்ணாதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊர் காஞ்சிபுரம், அடுத்து அப்பா நடராசன், பிறகுதான் அண்ணாதுரை. இதுவும் அதே வரிசைதான். இணைய முகவரியைத் தலைகீழாக்கி, பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறார்கள்.

நடுவில் இருக்கும் தேதியை சர்வர் வாங்கிய தேதி என்று நினைப்பவர்கள் உண்டு. அது அந்த இணைய முகவரி நிறுவனத்தின் கையில் இருந்த ஒரு மாதம். முகவரி நாளை வேறொருவருக்கு விலைபோகலாம். அப்போதும் பழைய பெயரும் புதிய பெயரும் மோதக்கூடாது என்பதற்காகத் தேதி. ரெட்ஹாட் என்றால் 1994-05, விஎம்வேர் என்றால் 1998-01. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

பெரிய வங்கிகளில் ஓடும் ஃபைபர் சேனலில் எழுத்துப் பெயர் கிடையாது. டபிள்யூடபிள்யூஎன் என்ற 16 இலக்க எண் (ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் இலக்கமாக வரும்), சர்வரில் செருகும் கார்டைச் செய்யும்போதே பதிக்கப்படுவது. 5 என்று தொடங்கினால் அடுத்த ஆறு இலக்கங்கள் ஐஇஇஇ அமைப்பு அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண். மீதி ஒன்பது கம்பெனியே போட்டுக்கொள்வது. உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கின் லேபிளிலும் இதைப் பார்க்கலாம். சீகேட் என்றால் 5000சி50 என்று தொடங்கும். கார்டு பழுதாகி மாற்றினால் எண்ணும் மாறிவிடும்; சுவிட்சில் புது எண்ணை ஏற்றும்வரை வட்டு கண்ணில் படாது. புதிதாக வந்த என்விஎம்இ முறை மறுபடி எழுத்துக்கே திரும்பிவிட்டது: ‘என்க்யூஎன்.2014-08’ என்று பெரும்பாலும் தொடங்கும், 223 பைட்டுக்குள் அடங்க வேண்டும்.

எழுத்துப் பெயர் படிக்கச் சுகம். ஆபத்தும் அங்கேதான். லினக்ஸ் சர்வரில் அது ஒரு சின்னக் கோப்பில் கிடக்கிறது. ஒரு கடையில் முகூர்த்த சீசனுக்காகப் பழைய சர்வரை அப்படியே குளோன் எடுத்து இரண்டாவதை ஓட்டினார்கள். பெயரும் சேர்ந்து நகலானது. பெட்டி இரண்டையும் ஒரே ஆள் என்று நம்பி ஒரே வட்டைத் திறந்துவிட, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் இருவரும் எழுதினார்கள். கோப்புகள் சிதைந்தன. பதிக்கப்பட்ட எண்ணில் இந்தக் கூத்து இவ்வளவு எளிதில் நடக்காது.

இன்னொன்று: பெயர் கடவுச்சொல் அல்ல. அடுத்தவர் பெயரை யாரும் தட்டச்சு செய்துவிடலாம். அதற்கு ‘சாப்’ என்ற கடவுச்சொல் முறை இருக்கிறது. பல கடைகளில் அதைப் போடுவதே இல்லை.

கடைக்காரர்களே, அடுத்த முறை சர்வர்காரர் வரும்போது இரண்டு கேளுங்கள்: குளோன் எடுத்த சர்வரின் பெயரை மாற்றினாரா, ‘சாப்’ போட்டாரா என்று. எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, பேரேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.