தாம்பு என்றால் வெறும் கயிறா?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சம்சாரியிடம், அதாவது விவசாயியிடம், கயிறு கேட்டால், எந்தக் கயிறு என்றுதான் முதலில் கேட்பார். மாட்டின் மூக்கில் கோத்தது மூக்கணாங்கயிறு. நுகத்தடியோடு கழுத்தைப் பிணைப்பது பூட்டாங்கயிறு. கிணற்றில் வாளி இறக்குவது தாம்புக்கயிறு.

இந்தத் தாம்பு மிகப் பழைய சொல். தாமிரபரணிக் கரையிலுள்ள திருக்கோளூரில் பிறந்த மதுரகவியாழ்வார் பாடியது கண்ணிநுண்சிறுத்தாம்பு, 11 பாசுரங்கள். யசோதை கண்ணனைக் கட்டிய, முடிச்சுகள் நிறைந்த சிறு கயிறுதான் அந்தத் தாம்பு. திருக்கோளூரும் கோவில்பட்டியும் இன்று ஒரே தூத்துக்குடி மாவட்டம். அது ஆற்றுப் பாசன நஞ்சை, இது வானம் பார்த்த கரிசல். சொல் மட்டும் இரண்டுக்கும் பொது. வடமொழியில் 'தாம' என்றாலும் கயிறுதான். வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன் என்பதால் கண்ணனுக்குத் தாமோதரன் என்று பெயர். எது எதிலிருந்து வந்தது என்ற வழக்கை மொழியறிஞர்களுக்கு விட்டுவிடலாம். இரண்டும் உறவுச் சொற்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாம்புக்கு இன்னொரு பொருளும் உண்டு: கதிர் மிதிக்க வரிசையாகப் பிணைத்த மாடுகள். அப்படிப் போரடிப்பதே தாம்படித்தல். கட்டும் கயிற்றின் பெயர், கட்டப்பட்ட மாடுகளுக்கும் அவை செய்த வேலைக்கும் ஆகிவந்திருக்கிறது. அகராதிக்காரர் யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை இது. களத்து மேட்டில் புழங்கிப் புழங்கித் தானாக விளைந்தது.

மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கிணற்றில் கயிறுகளின் வேலை இன்னும் நுட்பம். தண்ணீர் மொள்ளும் கூனையைத் தூக்குவது வடம். கூனையின் அடியில் தைத்த தோல் தும்பியின் வாயை இழுத்துப் பிடிப்பது வால்கயிறு. மாடுகள் சரிவில் இறங்க, கூனை மேலே வரும். தும்பி வாய் தொட்டிப் பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். மோட்டார் பம்புசெட் வந்ததும் வடமும் வால்கயிறும் பரண் ஏறின. புளிச்ச நாரும் கத்தாழை நாரும் திரித்த கைகளுக்கு வேலை போய், கடையில் நைலான் கயிறு வந்தது. பொருள் போனால் பெயரும் பின்னாலேயே போய்விடும்.

இதை முன்பே உணர்ந்தவர் இடைசெவல் ஊர்க்காரரான எழுத்தாளர் கி. ராஜநாராயணன். 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு சம்சாரி எழுத்தாளர் தொடங்கிவைத்தார். அது ஒருவரோடு முடிகிற வேலையல்ல. உங்கள் வீட்டில் கமலை ஓட்டிய தாத்தா இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கயிற்றின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.