காத்தாடிக்குள் எழுதிய கணக்கு

பழைய சீலிங் ஃபேனைக் கழற்றினால் நான் முதலில் பார்ப்பது காயிலை அல்ல, மேல் மூடியின் உள்பக்கத்தை. அங்கே ஆணியால் கீறியோ பென்சிலால் எழுதியோ ஒரு கணக்கு இருக்கும். எத்தனை சுற்று, எத்தனை கேஜ் கம்பி, என்ன தேதி. முன்னால் காயில் கட்டியவர் பின்னால் கழற்றப் போகிறவனுக்கு எழுதி வைத்த கணக்கு அது. போன மாசம் விஜயமங்கலத்திலிருந்து வந்த ஒரு ஃபேனில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணனின் கையெழுத்து இருந்தது. 1987, தை. அவர் காலமாகிப் பதினோரு வருசம் ஆகிறது. அவர் கட்டிய காயில் அப்படியே இருந்தது. தேய்ந்திருந்தது பேரிங் மட்டும்தான். மாற்றி மாட்டிக் கொடுத்தேன், ஓடுகிறது.

அதற்கு மறுநாள்தான் காஞ்சிக்கோயிலிலிருந்து ஒரு ஆத்தா பஸ்ஸில் வந்து இறங்கினார். உரச்சாக்கில் சுற்றிய ஃபேன் ஒன்று கையில். வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்று காலைச் சோறுகூடத் தின்னாமல் புறப்பட்டிருக்கிறார்.

"ஏஞ்சாமி, மூணு வருசத்துல காத்தாடி செத்துப்போகுமா?"

மகன் கோயமுத்தூரில் வாங்கி வந்து மாட்டியது. கரண்டு மிச்சமாகும் என்று சொல்லியிருக்கிறான். முந்தின ராத்திரிக்கு முந்தின ராத்திரி கரண்டு போய்ப் போய் வந்திருக்கிறது, அதோடு நின்றுவிட்டது. மகன் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டதில், அந்த மாடல் இப்போது வருவதில்லை, போர்டு கிடைக்காது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்ததாம். "புதுசு வாங்கறதுன்னா வாங்கிப்போடலாஞ்சாமி. இதுல ஒரு கீறல்கூட இல்லியே. இதைய எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பெருந்துறையில் முப்பத்தெட்டு வருசமாக மோட்டார் காயில் கட்டுகிறவன். ஃபேன், கிரைண்டர், மிக்ஸி, கிணற்று மோட்டார் என்று ஓடுகிற எதுவும் என் மேஜைக்கு வரும்.

முதலில் அந்த ஆத்தாவின் ஃபேனுக்குள் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஃபேனில் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்டு நேராகக் காயிலுக்குப் போகும். சுற்றுவதற்கு ஒரு தள்ளு கொடுக்கக் கண்டன்சர் ஒன்று கூடவே இருக்கும். அவ்வளவுதான். அதில் கெட்டுப்போவதும் மூன்றே மூன்று: கண்டன்சர், பேரிங், காயில். மூன்றையும் எந்த ஊர்க் கடையிலும் மாற்றலாம். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேனில் சுற்றுகிற பாகத்தில் நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கும். வருகிற கரண்டை ஒரு போர்டு வாங்கி, டி.சி.யாக மாற்றி, காயில்களுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றி மாற்றி அனுப்பும். காந்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து அனுப்பும். பழைய ஃபேனில் சூடாகவே வீணாகும் கரண்டு இதில் பெரும்பாலும் மிச்சமாகிறது.

அந்த மிச்சத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் உள்ள வீட்டில் கிட்டத்தட்ட 97 யூனிட். நமக்கு இரண்டு மாசத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்தான். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம் ஆனது, அதிலிருந்து இந்த ஃபேன் வேகமாகப் பரவியது. என் வீட்டிலும் இரண்டு ஓடுகின்றன. நல்ல பொருள். பொருளின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அந்தப் போர்டின் மேல் ஊற்றியிருக்கும் கறுப்புப் பசையில்தான். ஆத்தாவின் ஃபேனைத் திறந்தேன். போர்டு முழுக்கக் கல் மாதிரி இறுகிய பசை. ஈரமும் தூசியும் எறும்பும் உள்ளே போகாமல் இருக்க ஊற்றுகிறார்கள், அது உண்மைதான். ஆனால் உள்ளே பத்து ரூபாய்ச் சாமான் ஒன்று வெடித்திருந்தாலும் என்னால் கண்டுபிடிக்க முடியாது. சூடுகாட்டிச் சுரண்டினால் கூடவே நல்ல சாமானும் பெயர்ந்து வரும். பசை ஊற்றாத போர்டுகளில்கூட ஐ.சி.யின் மேல் இருக்கும் நம்பரைத் தேய்த்து அழித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துக்குப் பயந்து யாரும் நம்பரை அழிப்பதில்லை. இன்னொருவன் கை வைக்கக் கூடாது என்றுதான் அழிக்கிறார்கள். மூடிக்குள்ளே கணக்கு எழுதி வைத்த அண்ணனை நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் இங்கே ஒரு வீதிக்கு லைனில் நியூட்ரல் அறுந்தது. நியூட்ரல் போனால் 230 வர வேண்டிய வீட்டுக்குள் நானூறுக்குப் பக்கமாக ஏறிவிடும். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள். பி.எல்.டி.சி. ஃபேன் ஏழு, டி.வி. மூன்று, வாஷிங் மெஷின் ஒன்று, சார்ஜர்கள் எண்ணவில்லை. பழைய ஃபேனும் தப்பவில்லை, இரண்டு கருகி வந்தன. அந்த இரண்டையும் பொழுதோட காயில் கட்டி, வார்னிஷ் காயவைத்து, மறுநாள் கொடுத்துவிட்டேன். ஏழில் நான்கைத்தான் ஓட்ட முடிந்தது. மீதி மூன்று ஃபேனும் இன்னும் என் பரண்மேல் கிடக்கின்றன. காயில் நன்றாக இருக்கிறது, காந்தம் நன்றாக இருக்கிறது, இறக்கை பளபளவென்று இருக்கிறது. போர்டு மட்டும் இல்லை.

நம் பக்கத்தில் இது வலிக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937லேயே நம் நாட்டில் செய்த மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். 1955ல் அதே ஊரில் சபாபதி என்பவர் ஆட்டாங்கல்லை மோட்டாரோடு சேர்த்து வெட் கிரைண்டர் ஆக்கினார். அதற்கான கல் ஊத்துக்குளியிலிருந்து போனது. ஊத்துக்குளி என்றால் வெளியூர்க்காரருக்கு வெண்ணெய், எங்களுக்குக் கல்லும் சேர்த்து. கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதை நான் வேறு காரணத்துக்காகக் கொண்டாடுவேன். கிரைண்டரில் மறைக்க எதுவும் இல்லை. பெல்ட் தேய்ந்தால் தெரியும், கண்டன்சர் உப்பினால் தெரியும், கல் வழவழப்பானால் மாவே சொல்லிவிடும். "அம்மி கொத்தலியோ, ஆட்டாங்கல் கொத்தலியோ" என்று வீதியில் கூவிக்கொண்டு வந்தவரிடமே கிரைண்டர் கல்லையும் கொத்தச் சொன்ன வீடுகள் உண்டு. 2011ல் அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததே, அந்தக் கிரைண்டர்கள் இன்றைக்கும் என் மேஜைக்கு வருகின்றன. பெல்ட் மாற்றினால் போதும், திரும்பிப் போய்விடுகின்றன.

கிரைண்டரின் இன்னொரு நல்ல குணம் அதன் சுவிட்சு. இட்லி மாவு ஒட்டிய கையோடு அதைத் தட்டலாம். டச் பட்டனை அழுத்த முடியாது. என் வீட்டுக்காரம்மா இண்டக்‌ஷன் அடுப்பை அணைக்க முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து அழுத்துவதைத் தினமும் பார்க்கிறேன். பால் பொங்குகிற நேரத்தில் அந்தத் துடைப்பு எவ்வளவு நீளம் என்று அதை வடிவமைத்தவர் ஒருநாள் எங்கள் அடுப்பங்கரையில் நின்று பார்க்க வேண்டும்.

தோட்டத்து மோட்டார் கதை இன்னொன்று. இந்தப் பக்கம் மோட்டாரும் கரண்டும் சின்ன விசயம் அல்ல. பெருமாநல்லூரில் 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த விவசாயிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் செத்தார்கள். அதன் பின்னால் வந்ததுதான் விவசாயத்துக்கு இலவசக் கரண்டு. ஆனால் மும்முனைக் கரண்டு எந்நேரமும் இருக்காது. நடுச்சாமத்தில் வந்தால் நடுச்சாமத்தில் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்பு கிடக்கும் வரப்பில் நடந்துபோய்ப் போட வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி வந்தது, மொபைல் ஸ்டார்ட்டர். பேனல் போர்டில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சிம். வீட்டிலிருந்து அந்த நம்பருக்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும். கரண்டு வந்ததையும் போனதையும் அதுவே கூப்பிட்டுச் சொல்லும். நானே ஐம்பது அறுபது தோட்டங்களில் மாட்டியிருக்கிறேன். எத்தனையோ பேருடைய ராத்திரித் தூக்கத்தை அது திருப்பிக் கொடுத்தது.

இப்போது அதற்கு வந்திருக்கும் சீக்கு, ரீசார்ஜ். யாரிடமும் பேசாத சிம் அது. வீடியோ பார்க்காது. அதற்கும் மாசாமாசம் பணம் போட வேண்டும், போடாவிட்டால் வருகிற அழைப்பும் நின்றுவிடும். திங்களூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் உறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்தே மோட்டாரைப் போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம். சிம் காலாவதியானது தெரியாது. நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் மஞ்சக்காடு சுருண்டு கிடக்கிறது. என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, பெட்டி கெட்டுப்போச்சுங்க" என்றார். பெட்டி கெடவில்லை. போய்ப் பார்த்து விசயத்தைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய பெட்டிகள் 2ஜியில் ஓடுகிறவை, சில நெட்வொர்க்கில் 2ஜியே கிடையாது என்பதும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி கொண்டுவந்தது: இணையம் சேராமல், பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் ஒரு திட்டமாவது எல்லா நிறுவனமும் வைக்க வேண்டும், அதன் காலம் ஒரு வருசம் வரைக்கும் இருக்கலாம். மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். நாமாகக் கேட்காமல் எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு.

பொருளை வாங்கியவனுக்கு அதைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதை உலகம் இப்போதுதான் சட்டத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறது. போன், டி.வி., வாஷிங் மெஷின் போன்றவற்றை விற்கும்போது, பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மார்க் என எழுதி ஒட்ட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2021ல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் 2022ல் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை இதற்காகக் குழு போட்டது. விவசாயக் கருவி, போன், வீட்டுச் சாமான், வண்டி என்று நான்கு வகையை எடுத்துக்கொண்டு, அந்த டிசம்பரிலேயே பழுது உரிமைக்கென ஒரு இணையதளமும் திறந்தார்கள். 2025ல் போனுக்கும் டேப்லட்டுக்கும் மார்க் போடும் முறையை இன்னொரு குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. போனில் ஆரம்பித்தது சரி. ஆனால் நல்ல போன் இல்லாத ஏழை வீட்டிலும் ஃபேன் இருக்கிறது. கிணற்று மோட்டாரின் பெட்டியில் ஒரு குடும்பத்தின் வெள்ளாமையே இருக்கிறது. மார்க் அங்கேயும் வர வேண்டும்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பதைச் செய்யலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் போர்டு தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருசத்துக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள், முடிந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில்லை அப்போதே போனில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தில் அந்தத் தாள் ஒரே வருசத்தில் வெளுத்துப்போகிறது. வாரண்டிக்குள் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் போன் போடலாம். அதற்கும் மசியாவிட்டால் ஈரோட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஆத்தாவின் ஃபேனுக்கு வருவோம். கம்பெனிப் போர்டு கிடைக்காது என்பதால், எல்லா ஃபேனுக்கும் ஓரளவு பொருந்துகிற பொதுப் போர்டு ஒன்றை ஈரோட்டில் தேடிப் பிடித்தேன். காயிலிலிருந்து வரும் மூன்று கம்பிகளை மாட்டி, சீரிஸ் பல்பில் போட்டுச் சோதித்தேன். முதலில் தலைகீழாகச் சுற்றியது. இரண்டு கம்பியை மாற்றிப் பற்ற வைத்ததும் சரியானது. காற்றுக் கொஞ்சம் குறைவுதான், படுக்கிற அறைக்குப் போதும்.

நாலு நாள் கழித்து வந்தவர், கூடவே கொடுத்த புது ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கட்டலுக்கடியில உழுந்துபோச்சுன்னா நானு என்ன பண்றது சாமி?" சுவரில் இருக்கும் சுவிட்சையே பட்டென்று அணைத்துப் போட்டால் ஒவ்வொரு வேகமாக மாறும் போர்டு அது. மேஜையிலேயே சுவிட்சு வைத்துக் காட்டினேன். அவரும் நாலு தடவை தட்டிப் பார்த்தார். ரிமோட்டைச் சாக்குக்குள் போட்டார்.

மூடியை மாட்டும் முன் மார்க்கரை எடுத்து உள்பக்கத்தில் போர்டின் நம்பரையும், எந்த நிறக் கம்பி எதற்கு என்பதையும் எழுதினேன்.

"என்ன எழுதற?"

"அடுத்தாப்பல கழட்டறவனுக்குங்காத்தா."

"எப்பச் சரிபண்ணுனதுன்னு நாளைக்கு அவனுக்குத் தெரிய வேண்டாமா? தேதியும் போட்டுடு."

போட்டேன்.