பெட்டைக் குதிரைகளின் கருப்பை அழற்சி: ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு மாற்று

பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்களாகும். ஒரு பருவத்தில் சினை பிடிக்கத் தவறினால் ஓராண்டின் குட்டி இல்லாமற்போகிறது. ஓரிரு மார்வாரிக் குதிரைகளை மட்டுமே வைத்திருக்கும் ராஜஸ்தான் குடியானவருக்கு இது சிறிய இழப்பன்று. சினை பிடியாமைக்குக் கருப்பை உட்சவ்வின் அழற்சி முக்கியமான காரணங்களுள் ஒன்றாகும்.

பொலிகுதிரையின் விந்து நேராகக் கருப்பைக்குள்ளேயே சென்று சேர்கிறது. அதனுடன் கிருமிகளும் அழுக்கும் உட்புகுகின்றன. ஆகவே இணைசேர்க்கைக்குப் பின் ஓரளவு அழற்சி தோன்றுவது நோயன்று; உடல் தானே மேற்கொள்ளும் துப்புரவுப் பணியே அது. சில மணி நேரத்திற்குள் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. கருப்பைத் தசைகள் சுருங்கிக் கழிவை வெளியே தள்ளுகின்றன. நலமுள்ள குதிரையில் இப்பணி 48 மணி நேரத்திற்குள் முடிவுறும். பலமுறை ஈன்று, வயது முதிர்ந்து, கருப்பை தாழ்ந்து தொங்கும் குதிரைகளிலோ நீர் வெளியேறாமல் தேங்குகிறது. அதில் ஸ்டிரெப்டோகாக்கஸ், ஈ. கோலை முதலிய பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. கரு 6-ஆம் நாளளவில் கருப்பைக்குள் இறங்கும்போது அங்குத் தூய்மை இல்லையெனில் அது பிழைப்பது அரிது.

ஆன்டிபயாட்டிக் மருந்து பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றித் தேங்கிய நீரை அகற்றாது. சில கிருமிகள் தம்மைச் சுற்றிப் பசைப்படலம் அமைத்துக்கொண்டு மருந்தினின்று தப்புகின்றன. அடிக்கடி மருந்து செலுத்திய கருப்பையில் கான்டிடா போன்ற பூஞ்சைகள் குடியேறுவதும் உண்டு. அவற்றை ஒழிப்பது முன்னதினும் கடினம்.

மாற்று முறைகளுள் முதலிடம் பெறுவது கழுவுதல். இணைசேர்ந்து 4 மணி நேரத்திற்குள் தேவையான விந்தணுக்கள் கருக்குழாயை அடைந்துவிடுமாதலால், அதன்பின் கழுவுவதால் சினைக்குக் குறைவில்லை. உடல் வெப்பநிலைக்குச் சூடாக்கிய, கிருமி நீக்கிய உப்புநீரையோ ரிங்கர் லாக்டேட் நீரையோ ஒவ்வொரு லிட்டராகச் செலுத்தி, வெளிவரும் நீர் தெளியும்வரை தொடர வேண்டும். அந்நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து வெளிச்சத்தில் நோக்குவதும், உட்சென்ற அளவு முழுவதும் திரும்பியதா என அளப்பதும் இன்றியமையாதவை. பின்னர் மருத்துவர் 10 முதல் 20 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் கருப்பை சுருங்கி எஞ்சிய நீரையும் வெளியேற்றும். குதிரையை நடத்திச் செல்வதும் துணைபுரியும். கொட்டிலில் கட்டியே வைத்திருப்பது நன்றன்று. சினையுற்றிருக்கக்கூடும் என ஐயமுள்ள குதிரையைக் கழுவுதல் ஒருபோதும் கூடாது.

கோழை கெட்டியாயிருப்பின் அதனை இளக்க அசிட்டைல்சிஸ்டீன் பயன்படுகிறது. குதிரையின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைச் செலுத்தினால் அழற்சி தணிவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அதற்கு ஆய்வுக்கூட வசதி தேவை. அயோடின் கரைசல் மலிவானதே. ஆனால் செறிவு மிகுந்தால் உட்சவ்வைப் புண்ணாக்கும்.

யோனிவாயின் அமைப்புக் கெட்டுக் காற்றும் சாணமும் உட்புகும் குதிரையில் எம்மருந்தும் நிலைத்த பயன் தராது. அதன் மேற்பகுதியைத் தைத்து மூடும் எளிய சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் காஸ்லிக் 1937-இல் வெளியிட்டார். பெனிசிலின் வழக்கத்திற்கு வருமுன் தோன்றிய அம்முறை இன்றும் கையாளப்படுகிறது. ஈனுவதற்கு முன் தையலைத் திறந்துவிட வேண்டும்.

ஈன்று 3 மணி நேரம் கடந்தும் நஞ்சுக்கொடி விழாமல், காய்ச்சலும் தீநாற்றமும் காணும் குதிரையின் நிலை வேறு. அங்கு உயிருக்கே ஆபத்துண்டு. குளம்பு அழற்சியும் தொடரக்கூடும். ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அஞ்சித் தாமதியாமல் மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.