வீரப் பதக்கம் பெற்ற பூனை!

பூனை குறுக்கே போனால், போகிற காரியம் கெட்டுவிடும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு.

ஆனால் ஒரு பூனை, போர்க் கப்பல் ஒன்றின் உணவையே எலிகளிடம் இருந்து காப்பாற்றியது. அதற்கு வீரப் பதக்கமும் கிடைத்தது!

அந்தப் பூனையின் பெயர், சைமன்.

துறைமுகத்தில் திரிந்தது

1948-ம் ஆண்டு. பிரிட்டிஷ் போர்க் கப்பல் "அமெதிஸ்ட்", ஆங்காங் துறைமுகத்துக்கு வந்திருந்தது.

கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பூனை அங்கே சுற்றித் திரிந்தது. தீனி கிடைக்காமல் மெலிந்து போய் இருந்தது. 17 வயது மாலுமி ஒருவர் அதைப் பார்த்து மனம் இரங்கினார். யாருக்கும் தெரியாமல் கப்பலுக்குள் கொண்டு வந்துவிட்டார்.

வந்ததும் பூனை வேலையைத் தொடங்கிவிட்டது. கப்பலின் அடித்தட்டில் எலிகள் நிறைய இருந்தன. அவற்றைப் பிடித்துக் கொன்றது. கொன்ற எலியைச் சில சமயம் மாலுமிகளின் படுக்கையில் கொண்டு போய்ப் போட்டுவிடும்! "நான் சும்மா சாப்பிடவில்லை" என்று சொல்லுவது போல.

கப்பலின் தலைவருக்கும் பூனையைப் பிடித்துவிட்டது. அவருடைய தொப்பிக்குள்ளேயே சுருண்டு படுத்துத் தூங்கும்.

குண்டு விழுந்தது

1949 ஏப்ரல் 20. சீனாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டு இருந்த நேரம். ஷாங்காயில் இருந்து நான்கிங் நகருக்கு, யாங்ட்சி ஆற்றின் வழியாக அமெதிஸ்ட் போய்க்கொண்டு இருந்தது.

கரையில் இருந்த கம்யூனிஸ்டுப் படையின் பீரங்கிகள் கப்பலை நோக்கிச் சுட்டன. ஒரு குண்டு தலைவரின் அறையில் விழுந்தது. அப்போது தலைவராக இருந்த அதிகாரி படுகாயம் அடைந்து, பிறகு இறந்தார். மாலுமிகள் பலர் மாண்டனர்.

சைமனும் தப்பவில்லை. மீசை கருகியது. உடம்பில் குண்டுத் துண்டுகள் பாய்ந்தன. மருத்துவப் பிரிவினர் 4 துண்டுகளை எடுத்தனர். "இந்த இரவைத் தாண்டாது" என்றே எல்லோரும் நினைத்தனர்.

ஆனால் சைமன் பிழைத்துக்கொண்டது!

எலிகளின் அட்டகாசம்

கப்பல் 3 மாதத்துக்கு மேல் ஆற்றிலேயே சிக்கிக் கிடந்தது. வெயில் கொளுத்தியது. உணவு நாளுக்கு நாள் குறைந்தது. மாலுமிகளுக்கு அளவுச் சாப்பாடுதான்.

இதற்கு இடையில் எலிகள் பெருகிவிட்டன. மிச்சம் இருந்த உணவுக்கும் ஆபத்து வந்தது.

உடம்பு தேறியும் தேறாமலும் சைமன் வேட்டைக்குக் கிளம்பியது. எலிகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துக் கட்டியது. மாலுமிகளின் உணவு தப்பியது.

இன்னொரு காரியமும் செய்தது. காயம்பட்டுக் கிடந்த மாலுமிகளின் படுக்கைக்குப் போய், அவர்கள் அருகில் உட்கார்ந்துகொள்ளும். நண்பர்களைப் பறிகொடுத்து மனம் ஒடிந்து கிடந்த இளைஞர்கள், அதைத் தடவிக் கொடுத்து ஆறுதல் அடைந்தனர்.

ஜூலை 30 இரவு, இருட்டோடு இருட்டாகக் கப்பல் தப்பிப் புறப்பட்டது. பத்திரமாகக் கடலை அடைந்தது.

வருவதற்குள்...

போரில் உதவும் பிராணிகளுக்கு "டிக்கின் பதக்கம்" என்று ஒன்று 1943-ல் இங்கிலாந்தில் ஏற்படுத்தப்பட்டது. சைமனுக்கு அதை வழங்க முடிவு செய்தனர். நாய்களும் புறாக்களும் வாங்கிய அந்தப் பதக்கத்தைப் பெற்ற ஒரே பூனை சைமன்தான்!

ஆனால் பதக்கம் கைக்கு வரும் வரை அது இருக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வரும் பிராணிகளை இங்கிலாந்தில் தனியே அடைத்து வைப்பது அந்த நாள் சட்டம். அங்கேயே நோய்வாய்ப்பட்டு, 1949 நவம்பர் 28-ல் சைமன் இறந்தது. கிழக்கு லண்டனில் உள்ள இல்போர்டில் அதற்குக் கல்லறை இருக்கிறது.

வீட்டுப் பூனையும் அப்படித்தான்

சைமன் செய்தவை இரண்டு காரியங்கள். உணவைக் காத்தது. மனிதருக்குத் துணையாக இருந்தது.

வீட்டில் வளரும் பூனையும் இந்த இரண்டையும்தான் செய்கிறது. பீரங்கிச் சத்தம்தான் இல்லை!

எலி தின்னுவது கொஞ்சம், பாழாக்குவது அதிகம். அதன் சிறுநீரால் எலிக் காய்ச்சல் பரவும். உயிருக்கே ஆபத்தான நோய் அது. பூனை நடமாடும் வீட்டில் எலி தயங்கித்தான் வரும். ஆனாலும் அரிசி, பருப்பை மூடி வைப்பது அவசியம்.

தனியாக இருக்கும் முதியவருக்குப் பூனை பேச்சுத் துணை. வேளை தவறாமல் அதற்குச் சோறு வைக்கும் குழந்தை, பொறுப்பையும் இரக்கத்தையும் கற்றுக்கொள்கிறது.

கவனிக்க வேண்டியவை

* பூனைக்கு வெறிநோய்த் தடுப்பு ஊசி போட வேண்டும்.

* பூனை கடித்தாலோ, பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைமருந்து கூடாது.

* கர்ப்பிணிகள் பூனையின் கழிவை அள்ளக் கூடாது. வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும் கிருமி அதில் இருக்கலாம்.

* பூனை உள்ள வீட்டில் எலிப் பாஷாணம் வைக்கக் கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகும்.

* வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு ஏற்படும். மீனும் கறியும்தான் அதன் உணவு. வெங்காயமும் பூண்டும் ஆகாது.

* குடிக்க எப்போதும் சுத்தமான தண்ணீர் வைக்க வேண்டும்.

பூனை கேட்பது, ஒரு பிடி மீனும் படுக்க ஒரு மூலையும்தான். அதோடு வேளாவேளைக்கு ஊசியும் போட்டுவிட்டால், பூனைக்கும் சுகம்; வீட்டுக்கும் சுகம்!