ஓடுவது ரயில், ஓட்டுவது பாதை

2015 ஏப்ரல் 21 அன்று, ஜப்பானின் யமனாஷி சோதனைப் பாதையில் ஏழு பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று மணிக்கு 603 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்தச் சமயத்தில் அதன் சக்கரங்கள் மடங்கி உள்ளே போயிருந்தன. தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் மொத்த ரயிலும் மிதந்துகொண்டிருந்தது.

காந்தத்தின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதை வைத்தே ரயிலைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஒரு காந்தத்தின் மேல் இன்னொன்றை மிதக்கவிட்டால், மேலே இருப்பது பக்கவாட்டில் சரிந்து, புரண்டு, கீழே இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும் இதே கதிதான் என்று பிரிட்டனின் சாமுவேல் எர்ன்ஷா 1842-லேயே கணக்கால் நிறுவிவிட்டார்.

இந்தத் தடையை ஜெர்மனி இழுவிசையால் தாண்டியது. காந்த மிதவை ரயிலுக்கு (மேக்லெவ்) 1934-ல் காப்புரிமை பெற்ற ஹெர்மான் கெம்பரின் யோசனை அது. பின்னாளில் வந்த ட்ரான்ஸ்ராபிட் ரயிலின் அடிப்பகுதி, பாதையின் இரு விளிம்புகளையும் கவ்வியபடி கீழே வளைந்து செல்லும். அங்கிருக்கும் மின்காந்தங்கள் தலைக்கு மேலுள்ள பாதையின் இரும்பை நோக்கி எழ, அவற்றோடு ரயிலும் எழுகிறது. இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். நெருங்க நெருங்க இழுவிசை கூடும் என்பதால், கொஞ்சம் அசந்தாலும் காந்தம் பாதையோடு ஒட்டிவிடும். சென்சார்கள் அந்த இடைவெளியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் அதைக் காக்கின்றன.

ஜப்பானின் வழி வேறு. 1960-களில் ஜேம்ஸ் பவல், கார்டன் டான்பி என்ற அமெரிக்க இயற்பியலாளர்கள் முன்வைத்த யோசனையிலிருந்து கிளைத்தது. ரயிலின் பக்கங்களில் நயோபியம்-டைட்டானியக் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கும்போது அவை மின்தடையே இல்லாத மீகடத்திகளாகி, மிக வலுவான காந்தங்களாகின்றன. பாதையின் இருபுறச் சுவர்களிலும் 8 வடிவச் சுருள்கள் பதித்திருக்கிறார்கள். அவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தருவதில்லை. ரயிலின் காந்தம் விரைந்து கடக்கும்போது அவற்றில் தானாகவே மின்சாரம் பிறக்கிறது. கீழ்ச்சுழி ரயிலைத் தள்ள, மேல்சுழி இழுக்கிறது. ரயில் சற்றுத் தாழ்ந்தால் விசை தானே கூடி அதை மேலே ஏற்றிவிடும். கண்காணிக்க சென்சார் தேவையில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. ஆனால் வேகம் இருந்தால்தான் மிதப்பு. மணிக்கு 150 கிலோமீட்டர் வரை சக்கரத்தில்தான் ஓட வேண்டும்.

சரி, ரயிலை முன்னே தள்ளுவது எது? சுழலும் மின்மோட்டாரை ஒரு பக்கம் அறுத்து, சுருட்டிய பாயைப் போல நெடுக விரித்தால் கிடைப்பது நேர்கோட்டு மோட்டார். விரித்த பகுதிதான் பாதை. அதன் சுருள்களில் காந்தப்புலம் அலையாக முன்னேற, ரயிலின் காந்தங்கள் அதைப் பின்தொடர்கின்றன. வேகத்தைத் தீர்மானிப்பது பாதைக்குத் தரும் மின்சாரத்தின் அதிர்வெண். ரயில் இருக்கும் பகுதிக்கு மட்டுமே மின்சாரம் கொடுத்தால் போதும்.

இந்த ரயிலின் சிறப்பும் சிக்கலும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. மோட்டாரைப் பெட்டியில் வைக்காமல் வழிநெடுகப் பதிக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு மீட்டருக்கும் செலவு. பழைய தண்டவாளத்தில் இந்த ரயில் ஓடாது. பழைய நிலையங்களுக்குள் நுழையவும் முடியாது. பிரான்ஸின் டி.ஜி.வி. ரயில் 2007-ல் சக்கரத்திலேயே மணிக்கு 574.8 கிலோமீட்டரைத் தொட்ட பிறகு, அத்தனை பணம் எதற்கு என்ற கேள்வி இன்னும் உரக்கக் கேட்டது. மியூனிக் விமான நிலையத்துக்கான மேக்லெவ் திட்டத்தின் மதிப்பீடு 300 கோடி யூரோவைத் தாண்டியதும், 2008-ல் ஜெர்மனி அதைக் கைவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அந்நாட்டின் லாத்தன் சோதனைப் பாதையில், பராமரிப்பு வண்டி நிற்கும்போதே ரயிலை அனுப்பிவிட்டதால் 23 பேர் இறந்திருந்தார்கள். மிதவை நுட்பம் அன்று தவறவில்லை, மனிதர்கள் தவறினார்கள்.

டோக்கியோவிலிருந்து நகோயாவுக்கு 286 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடக்கும் பாதையை ஜப்பான் 2014 முதல் கட்டிவருகிறது. வழியில் பெரும்பகுதி சுரங்கம். மலையைக் குடைந்தால் ஓய் ஆற்றின் நீர் குறைந்துவிடும் என்று ஷிசுவோகா மாகாணம் பல ஆண்டுகள் அனுமதி மறுத்தது. ஆற்றை நம்பி வாழும் ஊர்களின் அந்தக் கவலையை வளர்ச்சிக்குத் தடை என்று ஒதுக்கிவிட முடியாது. 2027-ல் திறக்கும் திட்டம் கைவிடப்பட்டது. 2034-க்கு முன் வாய்ப்பில்லை என்று ரயில் நிறுவனமே சொல்லிவிட்டது.

அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் ஷாங்காய் செல்லலாம். புடோங் விமான நிலையத்துக்கும் லாங்யாங் சாலைக்கும் இடையிலான 30 கிலோமீட்டரில் 2004 முதல் ட்ரான்ஸ்ராபிட் ரயில் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. நகோயா அருகே 2005-ல் தொடங்கிய லினிமோ, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகாத, ஓட்டுநர் இல்லாத சிறு மேக்லெவ். மாணவர்களும் அலுவலகம் போகிறவர்களும் அன்றாடம் ஏறி இறங்குவது அதில்தான்.